வால்வைத் திருகும் முன் அளந்து பாருங்கள்

கோல்டு ரூம், பால் கூலர், மீன் வண்டி, ஐஸ்கிரீம் கிடங்கு என்று ஊர் ஊராகப் போய்க் குளிர்பதன வேலை பார்க்கும் மெக்கானிக் நண்பர்களுக்கு,

நீங்கள் கழற்றி அனுப்பும் கம்ப்ரஸர்களைத் திறந்து பார்த்துச் சரிசெய்வது என் தொழில். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் செய்த வேலை, செய்யாமல் விட்ட வேலை இரண்டும் என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. ஹெட்டைக் கழற்றினால் ஒன்றில் ரீடு துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. இன்னொன்றில் பேரிங்குகளில் ஆயில் படலமே இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசிக் கோடு விழுந்திருக்கிறது. மற்றொன்றில் டிஸ்சார்ஜ் வால்வு கருகி, ஆயில் கரியாகப் படிந்திருக்கிறது. கூடவே வரும் சீட்டில் "கம்ப்ரஸர் போயிருச்சு" என்று மட்டும் எழுதியிருக்கும்.

கம்ப்ரஸர் சும்மா போவதில்லை, நண்பர்களே. ரீடு உடைந்தால் திரவம் வந்து மோதியிருக்கிறது. பேரிங் கழுவப்பட்டிருந்தால் நாள்கணக்கில் திரவம் திரும்பி வந்து ஆயிலைக் கரைத்திருக்கிறது. கருகியிருந்தால் காயிலுக்குத் திரவம் போதாமல், சூடேறிய வாயுவை மட்டும் இழுத்து இழுத்து அது வெந்திருக்கிறது. இந்த மூன்று சாவுகளின் காரணத்தையும் தேடிப் போனால் அடிக்கடி ஒரே இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது: கூலிங் காயிலின் வாசலில் இருக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு. அது கெட்டுப்போனதால் வந்த சாவுகள் குறைவு. அளக்காமல் அதைத் திருகியதால் வந்தவையே அதிகம். இதை உங்களிடம் நேரடியாகச் சொல்லாமல் இனியும் இருக்க முடியாது என்பதால்தான் இந்த மடல்.

"ரூம் கூல் ஆகலையா? வால்வை ஒரு சுற்று திற." நம் தொழிலில் மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வரும் பாடம் இது. இந்தப் பாடம் தவறு. ரூம் எவ்வளவு குளிர வேண்டும் என்பதை அந்த வால்வு தீர்மானிப்பதில்லை. அதற்குத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. சக்‌ஷன் பிரஷரை ஓர் அளவில் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலையில்லை. அதற்கு இருப்பது ஒரே வேலை. காயிலின் கடைசி வளைவு வரை திரவம் போய்க் கொதிக்க வேண்டும், அதே சமயம் ஒரு சொட்டுத் திரவம்கூடக் கம்ப்ரஸருக்குத் திரும்பக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியைத்தான் அது காக்கிறது. அந்த இடைவெளியின் பெயர்தான் சூப்பர்ஹீட். திரவம் முழுக்கக் கொதித்து வாயுவான பிறகு, அந்த வாயு கூடுதலாக எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்ற கணக்கு.

இந்தக் கணக்கை வால்வு எப்படிப் போடுகிறது என்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். சக்‌ஷன் குழாயில் கட்டியிருக்கும் பல்புக்குள் இருக்கும் வாயு, குழாய் சூடானால் விரிந்து டயஃப்ரத்தின் மேல் அழுத்தி வால்வைத் திறக்கப் பார்க்கிறது. டயஃப்ரத்தின் கீழே காயிலின் பிரஷரும், நீங்கள் திருகுகிறீர்களே அந்த ஸ்பிரிங்கும் சேர்ந்து மூடப் பார்க்கின்றன. திறக்கும் விசை ஒன்று, மூடும் விசைகள் இரண்டு. கரண்ட் இல்லை, வயர் இல்லை, கன்ட்ரோல் போர்டு இல்லை. 1933-ல் டென்மார்க்கின் ஆல்ஸ் தீவில் மாட்ஸ் கிளாவுசன் தன் பெற்றோரின் பண்ணை வீட்டில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் தயாரிப்பே ஓர் எக்ஸ்பான்ஷன் வால்வுதான். இன்றைக்கு அந்த டான்ஃபாஸ் நிறுவனத்துக்கு நம் ஒரகடத்தில் தொழிற்சாலை இருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வகைச் சாதனம் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது எளிமையாகவும் நேர்மையாகவும் வேலை செய்வதுதான். ஸ்பிரிங்கைத் திருகும்போது நீங்கள் அந்த மூன்று விசைகளில் ஒன்றை மாற்றுகிறீர்கள். மற்ற இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றுவது எப்படி வைத்தியமாகும்?

கிராமத்துப் பால் சங்கத்தில் இருக்கும் கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். கறந்த பால் ஏறத்தாழ 35 டிகிரியில் வந்து இறங்குகிறது. அதை 4 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். பால் ஊற்றியவுடன் தொட்டியின் அடியிலுள்ள தகடு கொதிகலன் மாதிரி வேலை செய்கிறது. வந்த திரவமெல்லாம் உடனே கொதித்துவிடுகிறது, சூப்பர்ஹீட் எகிறுகிறது, வால்வு அகலத் திறந்தும் போதவில்லை. இது நோய் அல்ல. அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும். சங்கத்துச் செயலாளர் போன் போட்டு "பால் குளிரவே மாட்டேங்குது தம்பி" என்கிறார். நீங்கள் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்று ஸ்பிரிங்கை இரண்டு சுற்றுத் தளர்த்துகிறீர்கள். பால் அப்போதைக்குக் கொஞ்சம் வேகமாகக் குளிரும். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பால் 6 டிகிரிக்கு வந்து, சுமை குறைந்து, தகட்டில் கொதிக்க வெப்பமே இல்லாதபோது, நீங்கள் தளர்த்திய அந்த இரண்டு சுற்று திரவத்தை அப்படியே கம்ப்ரஸருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சில வாரம் கழித்து அந்தக் கம்ப்ரஸர் என்னிடம் வரும். புதுக் கம்ப்ரஸர் வரும் வரை அந்தச் சங்கத்துப் பால் திரிந்து போகும். நாலு மாடு வைத்திருப்பவர் வயிற்றில் அடி விழும்.

ஆகவே முதல் விண்ணப்பம்: ரூமோ பாலோ தன் வழக்கமான வெப்பநிலைக்கு வந்து நிலைத்த பிறகுதான் சூப்பர்ஹீட்டை அளக்க வேண்டும், அதன் பிறகுதான் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அளப்பது என்றால் கேஜ் மாட்டுவது என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். கேஜ் பாதிக் கதையைத்தான் சொல்லும். R22 ஓடும் ஒரு யூனிட்டில் சக்‌ஷன் 43 பி.எஸ்.ஐ. காட்டுகிறது என்று வையுங்கள். காயிலுக்குள் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரி. பல்பு கட்டிய இடத்தில் குழாய் 0 டிகிரி இருந்தால் சூப்பர்ஹீட் 7. ஆரோக்கியமான வால்வு. அதே 43-ல் குழாய் 15 டிகிரி இருந்தால் சூப்பர்ஹீட் 22. காயில் பட்டினி கிடக்கிறது. அதே 43-ல் குழாய் மைனஸ் 6 என்றால் சூப்பர்ஹீட் 1. திரவம் வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. கேஜில் முள் மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. குழாயில் ஒரு தெர்மாமீட்டர் மட்டும் இல்லையென்றால் இந்த மூன்றையும் பிரித்தறிய உங்களுக்கு வழியே இல்லை. கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று யாரும் சொல்லாதீர்கள். 7 டிகிரி வித்தியாசத்தை எந்தக் கையும் நம்பிக்கையோடு சொல்லாது.

இன்னொன்று. அந்த 43 பி.எஸ்.ஐ. R404A-வில் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரி. R134a-வில் பிளஸ் 9. எந்தக் கேஸ் ஓடுகிறது என்று தெரியாமல் கேஜ் பார்ப்பதில் பொருளே இல்லை. R407C போன்ற கலவைக் கேஸ்களில் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் கொதித்து முடியும் வெப்பநிலைக்கும் நடுவே 5, 6 டிகிரி இடைவெளி உண்டு. சூப்பர்ஹீட் கணக்குக்குக் கொதித்து முடியும் வெப்பநிலையைத்தான் எடுக்க வேண்டும், அதாவது சார்ட்டில் டியூ என்று போட்டிருக்கும் வரிசையை. பபிள் வரிசையை எடுத்தால் சூப்பர்ஹீட் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். நீங்கள் வால்வைத் திறப்பீர்கள். திரவம் திரும்பும்.

இப்போது என் பெரிய ஆதங்கத்துக்கு வருகிறேன். எக்ஸ்பான்ஷன் வால்வு பிறர் செய்த குற்றத்துக்குத் தண்டனை வாங்குகிறது. "வால்வு சோக் ஆயிருச்சு, மாத்தணும்" என்று நீங்கள் சொல்லும்போது, உண்மையில் எது சோக் ஆகியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

டிரையரின் இரண்டு பக்கத்தையும் தொடுங்கள். உள்ளே போகும் பக்கம் வெதுவெதுப்பாகவும் வெளியே வரும் பக்கம் சில்லென்றும் இருந்தால், அடைப்பு டிரையரில். வால்வில் இல்லை. சைட் கிளாஸில் குமிழி ஓடுகிறதா? அப்படியானால் வால்வுக்குத் திரவமே முழுதாகப் போய்ச் சேரவில்லை. கேஸ் குறைவாக இருக்கலாம், கண்டென்சரில் அழுக்கு அடைத்திருக்கலாம், சித்திரை வெயிலில் மொட்டை மாடி மேல் லிக்விட் லைன் கொதித்துக் கிடக்கலாம். திரவத்துக்காகச் செய்த துளையில் பாதி வாயு போனால் எந்த வால்வாலும் காயிலை நிரப்ப முடியாது. புது வால்வு போட்டாலும் அதே கதைதான். ஆனால் வால்வை மாற்றும்போது கூடவே நீங்கள் கேஸும் சரியாக ஏற்றிவிடுவீர்கள், யூனிட் ஓடும். வால்வுதான் கெட்டிருந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அப்படியே அந்தத் தவறு பாடமாகிவிடுகிறது.

காலையில் நன்றாக ஓடி, ஒரு மணி நேரத்தில் சக்‌ஷன் பிரஷர் தரைக்கு இறங்கி, நிறுத்திவைத்து மறுபடி போட்டால் மீண்டும் நன்றாக ஓடுகிறதா? உள்ளே தண்ணீர் இருக்கிறது. வால்வின் நுண்துளையில்தான் பூஜ்யத்துக்குக் கீழான குளிர் முதலில் பிறக்கிறது. அங்கே ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைக்கிறது. வால்வின் மேல் வெந்நீர் ஊற்றினால் உருகி வழி திறக்கும். வெந்நீர் ஊற்றிச் சரிசெய்துவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். அந்தத் தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. இன்றைய பி.ஓ.இ. ஆயிலோடு சேர்ந்து அது அமிலமாகும், மோட்டார் வைண்டிங்கைத் தின்னும். இதற்கு மருந்து புது வால்வு அல்ல, புது டிரையரும் ஒழுங்கான வேக்கமும்தான். "ஒரு மணி நேரம் பம்ப் ஓடிச்சு" என்பது அளவு ஆகாது. மைக்ரான் மீட்டர் 500-க்குக் கீழே இறங்கி, பம்பை மூடிய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அது ஏறிக்கொண்டே வரும்.

வால்வின் வாயிலில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்றினால் கறுப்புத் தூள் நிறைந்திருக்கிறதா? அது வால்வில் பிறந்ததல்ல. பைப்புக்குள் நைட்ரஜன் விடாமல் பிரேசிங் வைத்தபோது செம்புக்குள் பிறந்த செதில். அன்றைக்கு மிச்சப்படுத்திய நைட்ரஜனுக்கு இன்றைக்கு வால்வு பழி சுமக்கிறது.

பல்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே பொருளில்லை. வால்வு உலகத்தைப் பார்ப்பது அந்தப் பல்பின் வழியாகத்தான். அதைப் பிளாஸ்டிக் டையில் கட்டித் தொங்கவிடுகிறீர்கள். பெயின்ட் மேலேயே கட்டுகிறீர்கள். இன்சுலேஷன் சுற்றாமல் விடுகிறீர்கள். நம் ஊர் வெயிலில், 40 டிகிரி காற்றில், மூடாத பல்பு குழாயின் குளிரையா சொல்லும், காற்றின் சூட்டையா? சூட்டைத்தான் சொல்லும். வால்வு நம்பித் திறக்கும். திரவம் திரும்பும். குழாயைத் தேய்த்துச் சுத்தமாக்கி, கிடைமட்டமாக ஓடும் நேரான பகுதியில், செம்புப் பட்டையால் இறுக்கிக் கட்டி, இன்சுலேஷன் சுற்றுங்கள். முக்கால் அங்குலம் வரையுள்ள சிறு குழாயில் மேல் பக்கம் வைக்கலாம். 7/8 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் கடிகாரத்தின் 4 மணி அல்லது 8 மணிப் பக்கம். அடிப்பக்கம் எந்தக் குழாயிலும் வேண்டாம். அங்கே ஆயில் ஓடுகிறது, பல்புக்கு உண்மை தெரியாது. ஈக்வலைசர் குழாய் பல்பைத் தாண்டி, கம்ப்ரஸர் பக்கம் சேர வேண்டும். அதை அடைத்து மூடிவிட்டுப் போவதைப் போன்ற கொடுமை வேறில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த காயிலில் அந்தக் குழாய் இல்லாமல் வால்வால் சரியான கணக்குப் போடவே முடியாது. யூனிட் ஓடும்போது ஈக்வலைசர் குழாய் சில்லென்று இருந்தால், அப்போது சந்தேகப்படுங்கள். வால்வுக்குள் கசிந்து அந்த வழியாகத் திரவம் போகிறது. அது உண்மையான வால்வுக் கோளாறு.

வால்வு ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடும். பல்பையும் தலையையும் இணைக்கும் முடி போன்ற குழாய் அதிர்வில் உரசி விரிசல் விடும். மீன் வண்டிகளில் இது அதிகம். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றிலும் உலோகம் அரித்துப்போகும். உள்ளே இருக்கும் வாயு போய்விட்டால் திறக்கும் விசையே இல்லை, வால்வு மூடிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. யூனிட் ஓடும்போது பல்பைக் கழற்றி உள்ளங்கையில் சற்று நேரம் பிடியுங்கள். உயிருள்ள வால்வு திறக்கும், சக்‌ஷன் பிரஷர் ஏறும். உடனே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். மூடும், பிரஷர் இறங்கும். கையிலேயே வெகுநேரம் வைத்திருக்காதீர்கள், திரவம் கம்ப்ரஸருக்குப் போய்விடும். இரண்டுக்கும் அசையாத வால்வு செத்த வால்வு. தாராளமாக மாற்றுங்கள். மாற்றும்போது அதே கேஸுக்கான, அதே கொள்ளளவுள்ள வால்வாகப் பாருங்கள். "ஒரு சைஸ் பெருசா இருந்தா நல்லதுதானே" என்று போடாதீர்கள். பெரிய வால்வு கொஞ்சம் திறந்தாலே அதிகம், கொஞ்சம் மூடினாலே குறைவு. நிலைக்கு வராமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிரேசிங் வைக்கும்போது வால்வு உடம்பில் ஈரத் துணி சுற்றுங்கள். புது வால்வைப் பொருத்தும் நாளிலேயே நெருப்பில் வாட்டிக் கெடுத்துவிட்டுப் பிறகு கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். நடு இரவில் போன் வரும். உள்ளே லட்சக்கணக்கில் சரக்கு இருக்கும். முதலாளி தலைக்கு மேல் நின்றுகொண்டு "என்னப்பா தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்க, எதையாவது பண்ணு" என்பார். அரை மணி நேரம் அளந்ததற்குக் கூலி கேட்டால் தர மாட்டார். வால்வு மாற்றினேன் என்று பழைய வால்வைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் தருவார். கையில் எதையாவது காட்டினால்தான் வேலை என்று பழக்கிவைத்தவர்கள் அவர்கள். இந்த அநியாயம் உங்கள் மேல் நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்து வந்த பையனுக்குக்கூட முதல் முதலாளி கேஜும் ஸ்பேனரும்தான் வாங்கித் தருகிறார். தெர்மாமீட்டர் கேட்டால் எதற்கு என்கிறார். ஆனால் கம்ப்ரஸர் செத்த நாளில் முதலாளி உங்கள் பெயரைத்தான் சொல்கிறார். என் பட்டறை வாசலில் நின்று அவர்கள் சொல்வதை நான் கேட்கிறேன். "போன மாசம்தான் ஒருத்தன் வந்து என்னமோ திருகிட்டுப் போனான்" என்கிறார்கள். நீங்கள் அளந்து எழுதிவைத்த ஒரு தாள் அங்கே இருந்திருந்தால் அந்தப் பேச்சு எழும்பியிருக்காது. உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. யூனிட்டைத் தேவையில்லாமல் திறக்கும் ஒவ்வொரு முறையும் கேஸ் காற்றில் போகிறது. ஒரு கிலோ R404A சுமார் 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. R22-வின் உபயோகத்தை 2030-க்குள் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நம் நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்ல வால்வைக் கெட்டதென்று கழற்றுவதற்காக இந்தக் கேஸ்களை வெளியே விட உங்களுக்கு மனது வரக் கூடாது.

இனி நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு யூனிட்டிலும் ஓர் அட்டையைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பக்கத்திலேயே. நீங்கள் போகும் ஒவ்வொரு முறையும் அதில் தேதி, கேஸின் பெயர், சக்‌ஷன் பிரஷர், பல்பு கட்டிய இடத்துக் குழாயின் வெப்பம், கணக்கிட்ட சூப்பர்ஹீட், டிரையரின் இரு பக்கத்து வெப்பம், இவற்றை எழுதுங்கள். ஸ்பிரிங்கைத் திருப்பினால் எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று எழுதுங்கள். பெரும்பாலான வால்வுகளில் வலப்பக்கம் திருப்பினால் சூப்பர்ஹீட் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி அளந்து, அந்த எண்ணையும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும் மெக்கானிக், அவர் உங்கள் போட்டியாளராகவே இருந்தாலும், அந்த அட்டையைப் பார்த்துத் தொடங்கட்டும்.

முதலாளி தெர்மாமீட்டர் வாங்கித் தராவிட்டால் குழாயில் கவ்வும் வகை ஒன்றை நீங்களே வாங்குங்கள். கேஜ் செட்டோடு சேர்த்தே பையில் வையுங்கள். அளந்த நேரத்துக்குப் பில்லில் தனி வரி போட்டுக் கூலி கேளுங்கள். முதல் இரண்டு தடவை சண்டை வரும். மூன்றாவது தடவை அவரே அட்டையைப் படிப்பார்.

அப்படியும் ஒரு கம்ப்ரஸர் சாகும் நாள் வரும். அன்றைக்கு அதை என் போன்றவர்களிடம் அனுப்பும்போது, அந்த அட்டையையும் கூடவே கட்டி அனுப்புங்கள். கருகிய டிஸ்சார்ஜ் வால்வையும் கழுவப்பட்ட பேரிங்கையும் அந்த எண்களோடு வைத்துப் பார்த்துக் காரணத்தை நான் உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். அதற்கு நான் காசு கேட்க மாட்டேன்.

உங்கள் கம்ப்ரஸர்களைத் திறந்து பார்க்கும்
தொழிலாளி ஒருவன்